பால்துரையின் குரலும் கேள்விக் கமிட்டியும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே இரண்டு கரி பஸ்கள் ஓடின. பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. அதனால் பஸ்ஸின் முதுகில் ஆளுயர உருளை ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு வண்டியை நகர்த்தினார்கள். ஒரு பஸ்ஸுக்குக் கண்டக்டர் பால்துரை, இன்னொன்றுக்குக் கருத்தப்பாண்டி. கரியைக் கிண்டுவது, கைப்பிடியைச் சுற்றி நெருப்பு ஊதுவது, புகையை விழுங்குவது, பிறகு அதே தொண்டையால் ஆள் கூப்பிடுவது எல்லாமே கண்டக்டர் வேலைதான்.

பால்துரை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நின்று கூப்பிட்டால் ஊரின் மறுகோடி வரைக்கும் கேட்கும். "ராசாளையம், ராசாளையம்" என்று அவன் கத்துவதில் ஓர் எழுத்தும் தனியாகப் பிரியாது. ஓட்டுக்கூரை மேல் சரளைக்கல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல ஒரு கரகரப்பு மட்டும்தான் வரும். ஆனால் அந்தக் கரகரப்பு கேட்டதும் இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு ஆட்கள் எழுந்து ஓடி வருவார்கள். கருத்தப்பாண்டிக்கோ கணீரென்ற தெளிவான குரல். அவன் கூப்பிட்டால் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஊர் பேசாமல் இருந்துவிடும். அவன் பஸ் பாதி காலியாகத்தான் கிளம்பும்.

ஒரு மாசிமாதக் காலையில் ராஜபாளையம் சந்தைப் பக்கம் வண்டி நின்றிருந்தபோது பால்துரை மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இருமிவிட்டு மறுபடி திறந்தான். துருத்தி ஊதியது போல 'ஹஃப்' என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைப் பார்த்த பஞ்சு வியாபாரி ஒருவர், கண்டக்டருக்குப் பல்வலி போலிருக்கிறது என்று தெலுங்கில் பரிதாபப்பட்டுவிட்டுக் கருத்தப்பாண்டியின் பஸ்ஸில் ஏறிப் போனார்.

மனைவி ஏசம்மாள் அவனை டாக்டர் எலியேசரிடம் கூட்டிப்போனாள். எலியேசர் மதராஸில் படித்துவிட்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று வைத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் காய்ச்சலும் பேதியும்தான் வந்தன. அவர் படித்ததோ தொண்டை வைத்தியம். நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு குட்டிக் கண்ணாடியைச் சூடு காட்டி பால்துரையின் வாய்க்குள் விட்டுப் பார்த்தவர், ஊரில் தேரோட்டம் வந்ததுபோல முகம் மலர்ந்தார்.

தொண்டைக்குள் வீணைத் தந்தி மாதிரி இரண்டு நாண் இருக்கிறது, அதில் ஒன்றின் ஓரத்தில் மிளகு அளவு ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கினார். மிளகை எடுத்துவிட்டால் குரல் வந்துவிடும். ஆனால் உடனே எடுக்க முடியாது, முதலில் இருக்கிற குரலை அளக்க வேண்டும் என்றார். அளந்தால்தானே அறுவைக்குப் பிறகு எவ்வளவு தேறியது என்று சொல்ல முடியும்? சீமையில் அதற்கு மிஷினெல்லாம் வந்துவிட்டதாம்.

"நம்மகிட்ட மிஷினு இல்லியே அய்யா" என்று பால்துரை காற்றாகவே சொன்னான்.

"மிஷின் எதுக்கு? ஊர்ல காது இல்லாமலா போச்சு?" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு சுடுதண்ணீர் குடித்ததில் பழைய கரகரப்பு கொஞ்சம் திரும்பி வந்தது. அன்றைக்கே அளவு நடந்தது. முதலில் ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் இழுக்கிறான் என்று டாக்டர் கடிகாரம் வைத்துப் பார்த்தார். அவர் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோவதற்குள் "ஆ" முடிந்துவிட்டது. அடுத்து ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி அதன் எதிரே பேசச் சொன்னார். நல்ல குரலானால் சுடர் லேசாக அசையும், நாண் சரியாக மூடாவிட்டால் காற்று ஒழுகி அலைக்கழிக்கும் என்பது கணக்கு. பால்துரை "ராசா" என்றதுமே மெழுகுவத்தி அணைந்தது. "ளையம்" என்று முடித்தபோது புகை நேராக டாக்டரின் மூக்குக்குள் போனது.

மூன்றாவது அளவுக்கு வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஞானரத்தினம் வந்திருந்தார். அவர் ஒரு கட்டையை அழுத்துவார், பால்துரை அதே சுருதியில் கத்த வேண்டும். அவர் வரிசையாக எல்லாக் கட்டையையும் அழுத்தினார். பால்துரையும் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தத்தைக் கொடுத்தான். ஞானரத்தினம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இவரு கொரலு எந்தக் கட்டையிலயும் இல்ல டாக்டர். ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு பாருங்க, அதுல இருக்கு" என்றார்.

கடைசியாகக் கமிட்டி. காதால் கேட்டு மதிப்பெண் போடுகிற கமிட்டி என்பதால் டாக்டர் அதற்குக் கேள்விக் கமிட்டி என்று பெயர் வைத்தார். கேள்வி கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்த சுடலையம்மாள், பால்துரைக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் இன்னும் மூத்தவளுக்குக் காது குத்தவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் தேரடியில் காய்கறி விற்கிறவள். பால்துரையின் சத்தத்தைப் பொழுதன்றைக்கும் கேட்கிறவள் என்பதால் டாக்டரே தேடிப்பிடித்திருந்தார். மற்ற இருவர் ஞானரத்தினமும் ஏசம்மாளும்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது ஞானரத்தினம் தயக்கமே இல்லாமல் ஒன்று போட்டார். சுடலையம்மாளுக்கு எண்ணாகச் சொல்ல வரவில்லை. கூடையில் கைவிட்டு, புழு அரித்த கத்தரிக்காய் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதை எப்படி எழுதுவதென்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சொத்தைக் கத்தரி' என்றே குறித்துக்கொண்டார். ஏசம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு பத்துக்குப் பத்து என்றாள். வீட்டுக்காரர் என்பதற்காகப் போடக்கூடாது, குரலுக்கு மட்டும் போட வேண்டும் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார்.

"கொரலுக்குத்தான் போடுதேன். எனக்கு இது போதும்" என்றாள் அவள். டாக்டர் அந்த மதிப்பெண்ணைப் பக்கவாட்டில் சின்னதாக எழுதினார்.

அறுவை நடந்தபோது பால்துரைக்கு நினைவு தப்பவில்லை. தொண்டைக்குள் மரத்துப்போக ஒரு மருந்தைத் தடவிவிட்டு, அவன் நாக்கைத் துணியால் சுற்றி அவனிடமே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். தன் நாக்கைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, தன் மாட்டைத் தானே ஜப்திக்குக் கொண்டுபோவது போலிருந்தது அவனுக்கு. வளைந்த நீள இடுக்கி உள்ளே போனது, ஒரு கிள்ளு, வெளியே வந்தது. மிளகளவு என்று டாக்டர் சொன்னது சரிதான். அதை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த உத்தரவு, தான் சொல்லும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது. முணுமுணுக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, இருமல் வந்தால் தண்ணீரை விழுங்க வேண்டும்.

வீட்டில் முதல் வாரம் ஏசம்மாளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எந்தச் சண்டையிலும் அவளே ஜெயித்தாள். இரண்டாவது வாரம் எதிராளி இல்லாத சண்டை அலுத்துப்போய், அவன் தரப்பையும் அவளே பேசிப் பார்த்தாள். அப்போதும் அவளே ஜெயித்தாள். பிறகு வீடு ஓய்ந்துவிட்டது.

அப்படி ஒரு காலையில் பால்துரை பல் விளக்கிக்கொண்டிருந்தான். தேரடிப் பக்கமிருந்து "ராசாளையம், ராசாளையம்" என்று கேட்டது. கரகரவென்று, சரளைக்கல் கொட்டியது போல. அவனுடைய குரல். அவன் சட்டென்று தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். வாய் மூடித்தான் இருந்தது. உள்ளேயிருந்து வந்த ஏசம்மாள், "டாக்டரய்யா பேசக்கூடாதுன்னாருல்ல?" என்று கேட்டவள், அவன் வாய் நிறைய வேப்பங்குச்சி இருப்பதைக் கண்டு அப்படியே நின்றாள்.

அவன் குச்சியோடு தேரடிக்கு ஓடினான். கருத்தப்பாண்டி கழுத்து நரம்பு புடைக்க, தாடையைக் கீழே இழுத்துக்கொண்டு, அச்சு அசல் பால்துரை போலக் கத்திக்கொண்டிருந்தான். அவன் பஸ்ஸில் ஆள் நிரம்பி வழிந்தது. பால்துரையின் பஸ்ஸில் டிரைவர் ராக்கப்பன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பால்துரை கையை ஆட்டினான், நெஞ்சில் குத்திக் காட்டினான், தொண்டையைப் பிடித்துக் காட்டினான். கருத்தப்பாண்டி அதை உற்றுப் பார்த்துவிட்டு, தண்ணீர் தவிக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தான்.

ஒருவழியாக டாக்டர் பேசச் சொன்ன நாள் வந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். பால்துரை பயந்து பயந்து "அய்யா" என்றான். அந்தச் சத்தம் கேட்டதும் யார் பேசியது என்று அவனே திரும்பிப் பார்த்தான். வெண்கலத் தட்டில் கரண்டி பட்டது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. டாக்டர் ஓடிப்போய்க் கடிகாரத்தை எடுத்தார். "ஆ" இப்போது நீண்டுகொண்டே போனது. நிறுத்தச் சொன்ன பிறகும் ஆசையில் கொஞ்சம் இழுத்தான். மெழுகுவத்திச் சுடர் ஆடாமல் நின்றது. ஆர்மோனியம் மட்டும் பழையபடிதான். சந்திலிருந்து வந்த அதே சுருதி, ஆனால் இப்போது துல்லியமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதன் விளைவு தெரிந்தது. முன்பெல்லாம் அவன் பாடினால் பெஞ்சு இழுபடுகிறது என்று விட்டுவிடுவார்கள். இப்போது அந்தத் தப்புச் சுருதி தெளிவாகவும் பலமாகவும் ஒலித்ததால் முதல் வரிசை அவன் பின்னால் போனது. இரண்டாம் சரணத்தில் முழுச் சபையும் போனது. யாரும் கேட்டிராத ஒரு ராகத்தில் பாட்டு முடிந்தபோது ஞானரத்தினம் ஆர்மோனியத்தை மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

டாக்டருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கேள்விக் கமிட்டியின் இரண்டாவது கூட்டம்தான் அவருக்கு முக்கியம். முகம் பார்த்து மதிப்பெண் போட்டுவிடக்கூடாது என்று இந்த முறை நடுவில் ஒரு போர்வையைக் கட்டினார். அதன் பின்னால் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக "ராசாளையம்" என்று கூப்பிட வேண்டும். எது பால்துரை என்று கண்டுபிடித்து அதற்கு மதிப்பெண் போட வேண்டும். பால்துரை ஒருவன், டாக்டரே ஒருவர். மூன்றாவதாக, விவரம் தெரியாமல் கருத்தப்பாண்டியை அழைத்து வந்திருந்தார்.

டாக்டர் கூப்பிட்டது பேதிக்கு மருந்து கொடுக்கிறவர் மாதிரி இருந்தது. பால்துரை கணீரென்று கூப்பிட்டான். கருத்தப்பாண்டி தாடையை இழுத்துக்கொண்டு கரகரத்தான். கமிட்டிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாடுகிற குரல் எப்படி மாறினாலும் கூப்பிடுகிற குரல் மாறாது, மூன்றாவது ஆள்தான் பால்துரை என்று ஞானரத்தினம் சொன்னார். சுடலையம்மாள் போன தடவை போலவே சொத்தைக் கத்தரிக்காயை எடுத்து வைத்து, ஆபரேஷன் பலிக்கவில்லையே என்று வருத்தப்பட்டாள். டாக்டர் ஏசம்மாளைப் பார்த்தார்.

"மூணாவதுதான். அவிய கொரலு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஏசம்மாள்.

பால்துரை போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான். ஏசம்மாள் பின்னாலேயே வந்து, வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"எம்மேல கோவமா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"எம்புட்டு நாளா நீங்க பேசல. கொரலு தேஞ்சுருமுன்னு பயந்துக்கிட்டு, இந்தப் புதுக் கொரலுல எங்கிட்ட என்ன பேசுனீக? அய்யான்னு டாக்டருகிட்ட ஒரு சொல்லு, கோயில்ல ஒரு பாட்டு. அம்புட்டுத்தான். பொறவு எனக்கு எப்படித் தெரியும்? இப்பப் பேசுங்க. செத்த நேரம் கேட்டாப் பழகிரும்."

அவன் கரி நனைந்துவிட்டதைப் பற்றிப் பேசினான். டிரைவர் ராக்கப்பனின் குறட்டையைப் பற்றிப் பேசினான். வாயடைத்துக் கிடந்த வாரங்களில் அவள் ஜெயித்த சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அடுப்பு மூட்டும் நேரம் வந்ததும், "ஆங், இப்பத் தெரியுது. கொரலுதான் வேற, தொணதொணப்பு அதேதான்" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனான். அங்கேதான் அவனே எதிர்பாராத ஒன்று நடந்தது. பால்துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர்ப் பேரை மூன்று தடவை கூப்பிட்டதும், வருகிற ஆளைப் பார்த்து மனதில் பட்டதை வாலாகச் சேர்த்துவிடுவான். இத்தனை வருஷமும் அந்த வால், கரகரப்போடு கரகரப்பாக யாருக்கும் புரியாமல் போய்க்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியாது. இந்த ஊர்க்காரர்கள் ரொம்பப் பொறுமைசாலிகள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அன்றைக்கு அவன் வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டு, "மம்சாபுரம் சண்முகத்தாய் அக்கா வருது, இனி ராசாளையம் வரைக்கும் மருமகளைப் பத்தித்தான் பேச்சு" என்று சேர்த்தான். தேரடி முழுக்கக் கணீரென்று கேட்டது. சண்முகத்தாய் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டாள். பக்கத்திலேயே மருமகளும் இருந்தாள். அடுத்து, "மூட்டை எம்புட்டுப் பெருசு, உள்ள மச்சினனை வச்சுக் கட்டியிருக்காரு போல" என்றது ஒரு கான்சாபுரத்துப் பெரியவரின் காதில் விழுந்தது. பஸ் முதலாளி சங்கரலிங்கம் தன் குடும்பத்தோடு வந்தபோது, "மொதலாளி வாராரு, டிக்கெட்டு எடுத்த ஆளுக எல்லாம் எந்திரிச்சு டிக்கெட்டு எடுக்காத ஆளுகளுக்கு எடம் விடுங்க" என்பதும் தெளிவாகக் கேட்டது. பால்துரை தன் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் பாதி பஸ் இறங்கிக் கருத்தப்பாண்டியிடம் போய்விட்டது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், சொன்னதில் பொய் இல்லாததாலோ என்னவோ, அவனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

அதன் பிறகு பால்துரை ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொண்டான். பஸ் காலியாகவே ஓடியது. கருத்தப்பாண்டி மட்டும் சித்திரை முழுக்கப் பால்துரையின் பழைய குரலில் கத்திக் கத்தி ஆள் ஏற்றினான். வைகாசியில் ஒருநாள் அவன் தேரடியில் நின்று தாடையை இழுத்து வாயைத் திறந்தான். 'ஹஃப்' என்றது. அந்தச் சத்தத்தை பால்துரை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வான்.

சாயங்காலம் கருத்தப்பாண்டி வீடு தேடி வந்து நின்றான். "ஏலே, என் சொந்தக் கொரலுல கத்திப் பாத்தேன். அதுவும் வரல" என்று காற்றாகச் சொன்னான்.

பால்துரைக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவனுக்குத்தான் தெரியும். "எங் கொரல வச்சுச் சம்பாதிச்ச. எங் கட்டியையும் சேத்து எடுத்துக்கிட்ட. வா, போவோம்" என்று சட்டையை மாட்டினான்.

கண்ணாடியை விட்டுப் பார்த்த டாக்டர் நாற்காலியிலேயே சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளினார். அதே இடத்தில், அதே மிளகு. கமிட்டி கூடியது. ஞானரத்தினம் ஒன்று, சுடலையம்மாள் சொத்தைக் கத்தரி. ஏசம்மாளிடம் கேட்டபோது அவள் இந்த முறை வெட்கத்தோடு, இரண்டு போடுங்கள், அது கூட அதிகம்தான் என்றாள். சீமைப் பத்திரிகைக்கு எழுதலாம் என்றிருந்த டாக்டர், இரண்டு ஆளுக்கும் ஒரே குரல் எப்படி வந்தது என்று விளக்க வழி தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அறுவை முடிந்து கருத்தப்பாண்டி வாயைக் கட்டிக்கொண்டு தேரடியில் உட்கார்ந்தான். இரண்டு பஸ்ஸுக்கும் ஆள் கூப்பிட பால்துரை ஒருவன்தான் மிச்சம். வேறு வழியில்லாமல் ஊர் அவன் குரலுக்கு எழுந்து வந்தது. இரண்டு மூன்று நாள் வெறும் ஊர்ப் பேரோடு சமாளித்தான். நான்காம் நாள் சண்முகத்தாயே, இருக்கையில் உட்கார்ந்தபடி தலையை வெளியே நீட்டி, "என்னைய மட்டும் சொன்னியே பால்தொரை, அந்தா வாரானே மகாராசபுரத்து ஆளு, அவனைச் சொன்னா என்ன?" என்று கேட்டாள்.

பால்துரை அந்த ஆளைப் பார்த்தான். குடை பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனால் அடக்க முடியவில்லை. "செருப்புக்கு வெயில் படாம கூட்டிட்டு வாராரு, அதுக்கும் ஒரு சீட்டுப் போடணும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. செருப்புக்காரனும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தான்.

தன்னைச் சொன்னால் கோபம் வருகிறவர்களுக்கு அடுத்தவனைச் சொல்வதைக் கேட்க ஆசையாக இருந்தது. அதற்காகவே கொஞ்சம் முன்னாடி வந்து இடம்பிடித்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பஸ்ஸும் நிரம்பின. சுடலையம்மாள் தன் கூடையை நன்றாகக் கேட்கிற இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

கஷ்டப்பட்டது கருத்தப்பாண்டி ஒருவன்தான். சிரிக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. உதட்டைக் கடித்துப் பார்த்தான், துண்டை வாயில் திணித்துப் பார்த்தான். பால்துரை ஒருநாள், கமிட்டி விஷயமாகத் தேரடிக்கு வந்த டாக்டரையே பார்த்து, "வாய்க்குள்ள தேடித் தேடித் தன் கண்ணாடிய அங்கேயே வச்சுட்டு வாராரு போல, வழி தெரியாம நிக்காரு" என்றான். துண்டு பறந்து விழ, கருத்தப்பாண்டி சிரித்துவிட்டான். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வழிய, உரக்க.

டாக்டர் பதறிப்போய் அவனைத் தேர் நிழலில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். நாணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக ஆறியிருந்தது. சிரிப்பும் சுத்தமான சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அறுவைக்கு முன்னால் இவன் சிரிப்பை அளக்காமல் விட்டுவிட்டோமே, எதோடு ஒப்பிடுவது என்று டாக்டர் புலம்பிக்கொண்டிருந்தார். ராக்கப்பன் வண்டியைக் கிளப்பிவிட்டார். பால்துரை ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டான்.